கேஷியர் சாரின் 11 ஆயிரம் கடிதங்கள்!

கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தேமே என்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைக் கூப்பிட்டு, 'உனக்கு வயசாயிடுச்சு, வீட்டுக்குப் போ!' என்று தேதி குறித்துவிடுவார்கள். விண்டோஸ் 10-க்கு அப்படிக் குறித்த தேதி, 2025 அக்டோபர் 14. அன்று ராத்திரி அது மூச்சை ஒன்றும் நிறுத்திக்கொள்ளவில்லை. மறுநாள் காலையும் வழக்கம்போலக் கொட்டாவி விட்டபடி எழுந்தது. ஆனால் அதன் ஓட்டை உடைசல்களை மைக்ரோசாஃப்ட் வழக்கம்போல இலவசமாக அடைத்துக் கொடுப்பது அன்றோடு நின்றது. (தனியாகப் பதிந்துகொண்டால் மேலும் ஒரு வருஷம் தள்ளலாம் என்று ஒரு சலுகை வைத்தார்கள். அது வேறு கதை.)

'சரி, 11-ஐப் போட்டுக்கொள்வோமே' என்றால் அது ஜாதகம் கேட்கிறது. டி.பி.எம். 2.0 இருக்கா? பிராசசர் எத்தனையாம் தலைமுறை? 2017-க்கு முந்தைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தமே இல்லை!

ஆகவே அந்தத் தீபாவளியையொட்டி ஏகப்பட்ட ஆபீஸ்களில் குடிமாற்றம். ஏழு பேர் வேலை பார்க்கிற எங்கள் ஆபீஸிலும் ஏழு புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. சர்வீஸ் பையன் படு சுறுசுறுப்பு. டெஸ்க்டாப்பில் இருந்தது, டாக்குமெண்ட்ஸில் இருந்தது, டாலி கணக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குத் தள்ளிவிட்டு, "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் அல்ல. சேல்ஸ். எப்போதோ ஒருமுறை பிரிண்டரின் தொண்டையில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் உருவி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மவுஸ் நகராவிட்டாலும் சரி, மின்விசிறி சுற்றாவிட்டாலும் சரி, என் பெயரைத்தான் ஏலம் போடுவார்கள்.

மறுநாள் காலை ஏலம் போட்டவர் கேஷியர் சார். ரிட்டயர்மென்ட்டுக்கு ஐந்து மாசம் பாக்கி. சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தம்பி, கொஞ்சம் வர்றீங்களா? மெயில் எல்லாம் புதுசா இருக்கு."

"கம்ப்யூட்டரே புதுசுதானே சார்!"

"அதில்லே தம்பி. பழசு ஒண்ணுமே இல்லே."

எட்டிப் பார்த்தேன். இன்பாக்ஸில் நான்கே நான்கு கடிதங்கள். ஒன்று, 'உங்களுக்கு உடனடி லோன் காத்திருக்கிறது' என்றது. இடது பக்கத்தில் வரிசை வரிசையாக இருக்க வேண்டிய ஃபோல்டர்கள் (பார்ட்டிவாரியாக, வருஷவாரியாக அடுக்கி வைக்கிற ஆசாமி அவர்!) ஒன்றைக்கூடக் காணோம்.

சர்வீஸ் பையனுக்குப் போன் போட்டேன். "அக்கவுன்ட் போட்டுக் கொடுத்துட்டேனே சார்! மெயில் வருதா, இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன சார்?"

அவன் கேட்டது தப்பே இல்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அக்கவுன்ட் வந்துவிட்டால் மெயிலும் வந்துவிடும் என்று. ஊஹும்! அக்கவுன்ட் வேறு, மெயில் வேறு. அக்கவுன்ட் என்பது வெறும் விலாசமும் பூட்டுச் சாவியும். விலாசம் மாறவில்லை என்பதற்காகப் பழைய வீட்டுப் பரணில் இருக்கிற டிரங்குப் பெட்டி தானாக நடந்து வருமா?

கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பது, உங்கள் மெயில் எந்த முறையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. முறைகள் இரண்டு. ஐமேப் என்பது லைப்ரரி மாதிரி. புஸ்தகம் எல்லாம் அங்கேயே இருக்கும். நீங்கள் போனில் பார்த்தாலும், ஆபீஸில் பார்த்தாலும் அதே அலமாரியைத்தான் பார்க்கிறீர்கள். 1986-லேயே மார்க் கிரிஸ்பின் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் யோசித்து வைத்த ஏற்பாடு இது. அவர் புண்ணியத்தில் ஐமேப்காரர்கள் பெட்டியை மாற்றினால் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வருவதற்குள் ஃபோல்டர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று பாப் 3. இது தபால்காரர் பாணி. கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. 'சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை' என்று டிக் அடித்து வைக்காவிட்டால், தபாலாபீஸில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. அதைவிட முக்கியமான சங்கதி, டிக் அடித்திருந்தாலும் அது வந்த கடிதத்துக்கு மட்டும்தான். நீங்கள் அனுப்பிய கடிதங்களும், ஆசை ஆசையாகப் பிரித்து வைத்த ஃபோல்டர்களும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தவிர உலகத்தில் வேறு எங்குமே கிடையாது. சொந்த டொமைன் வைத்துக்கொண்டு, சர்வரில் இடத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கிற சின்ன ஆபீஸ்களில் அன்று பாப் 3-தான் ராஜா. எங்களதும் அந்த ரகம்.

கேஷியர் சாரிடம் இதை விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ அந்தப் பழைய பொட்டி?" என்றார்.

பழைய பொட்டி! மாடிப்படிக்குக் கீழே ஓடினோம். ஏழும் அங்கேதான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. பழைய சாமான்காரர் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே கம்பெனி. சரி, ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், ஏழு பெட்டிக்கும் வைத்திருக்கிறார்கள் பக்த சிகாமணிகள்!

கேஷியர் சார் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது பெட்டியைத் தொட்டு, "இதுதான் தம்பி" என்றார். பவர் பட்டனுக்கு மேலே பேனாவால் பொடியாக ஒரு பிள்ளையார் சுழி.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேபிளில் மாட்டிப் புதுப் பெட்டியில் சொருகினோம். அது கிர்ர்... கிர்ர்... என்றது. பதினான்கு வயசு டிஸ்க். பாவம், விண்டோஸ் 7-ஓடு வாழ்க்கையை ஆரம்பித்து, நடுவில் அப்படியே 10-க்கு மாறியது. (இதைவிடப் புதிய பெட்டிகளில் பிட்லாக்கர் என்று ஒரு பூட்டு போட்டிருக்கலாம். அப்போது 48 இலக்கச் சாவி இல்லாமல் அந்த டிஸ்க் செங்கல்லுக்குச் சமம். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே அந்தச் சாவியை எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.)

எங்கே தேடுவது? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மெயில், டாக்குமெண்ட்ஸில் இருக்காது. யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா என்று ஓர் இருட்டறை. விண்டோஸ் அதை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கும். 'வியூ'வுக்குப் போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதில் டிக் அடித்தால்தான் தரிசனம். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் வழித்து எடுத்துக்கொண்டு போகிற பையன்கள் கண்ணில் இந்த அறை பட வாய்ப்பே இல்லை.

கேஷியர் சார் வைத்திருந்தது விண்டோஸ் லைவ் மெயில். எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தார். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் மெயில் புரோகிராமே கிடையாது, தனியாக இதை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது இருந்த ஒரு கிளார்க் புத்திசாலி. பழைய கடிதங்களையும் சேர்த்து உள்ளே ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை விட்டுப் போனாராம். 2017 ஜனவரியில் லைவ் மெயிலையும் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. கேஷியர் சாருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அவர்பாட்டுக்கு எட்டு வருஷத்துக்கு மேல் அதிலேயே ஓட்டியிருக்கிறார்!

ஆனால் லைவ் மெயிலிடம் ஒரு நல்ல குணம். ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி ஃபைலாக, இ.எம்.எல். என்ற வால் ஒட்டி வைத்திருக்கும். எத்தனையோ புரோகிராம்களுக்கு அந்தப் பாஷை புரியும். மைக்ரோசாஃப்ட், லோக்கல் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு உள்ளே போனோம். 'அனுமதி இல்லை, தொடரலாமா?' என்று கேட்டது. தொடர்ந்தோம். இருந்தது. அத்தனையும் இருந்தது! எண்ணிப் பார்த்தால் 11 ஆயிரத்துச் சொச்சம் ஃபைல்கள்.

முதல் காரியமாக மொத்த ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, அதைக் கேஷியர் சாரின் சட்டைப் பையில் போட்டேன். "பத்திரமா வெச்சுக்குங்க." அவர் அதை எடுத்து, கேஷ் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மிச்சக் கதை சுருக்கம். புதுப் பெட்டியில் தண்டர்பேர்டு போட்டோம். இலவசம். அதில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்.ஜி. என்று ஓர் இணைப்பைச் சேர்த்தால், 'இந்த ஃபோல்டரையும் அதன் உள்ஃபோல்டர்களையும் அப்படியே விழுங்கு' என்று சொல்லலாம். விழுங்கியது. பதினைந்து நிமிஷம் போல ஆயிற்று. என்ன, எந்தக் கடிதத்தைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்கிற விவரம் அந்த ஃபைல்களில் கிடையாது. அதனால் 11 ஆயிரத்துச் சொச்சமும் 'படிக்காதவை' என்று தடித்த எழுத்தில் வந்து நிற்க, கேஷியர் சாருக்கு வியர்த்துவிட்டது. "அத்தனைக்கும் பதில் போட்டுட்டேனே தம்பி!"

உங்கள் ஆபீஸில் வேறு புரோகிராம் இருக்கலாம். அவுட்லுக் என்றால் தேட வேண்டியது பி.எஸ்.டி. என்று முடிகிற ஃபைலை. பாப் 3 அக்கவுன்ட்டின் மொத்தக் குடும்பமும் அந்த ஒரே ஃபைலுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். 2010-க்குப் பிறகு வந்த அவுட்லுக் அதைப் பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸிலேயே வைக்கும், பழசு என்றால் அந்த இருட்டறையில். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எடுத்தால் நடக்காது, நடந்தாலும் நம்ப முடியாது. புதுப் பெட்டியில் அந்த ஃபைலை நேராகத் திறந்துகொள்ளலாம். கையெழுத்துகள், 'இந்தப் பார்ட்டி மெயில் வந்தால் இந்த ஃபோல்டரில் போடு' என்கிற விதிகள் எல்லாம் பி.எஸ்.டி.யோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விதிகளைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், கையெழுத்துக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது.

தண்டர்பேர்டு வாசகர்கள் கொடுத்து வைத்தவர்கள். புரொஃபைல் என்ற ஒற்றை ஃபோல்டருக்குள் அக்கவுன்ட், பாஸ்வேர்டு, விலாசப் புத்தகம், கடிதங்கள் சகலமும் அடக்கம். தூக்கிக்கொண்டு போய் லினக்ஸில் வைத்தாலும் எழுந்து நடக்கும். எந்தெந்தக் கடிதத்தை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்கிற குறிப்பும் அதற்குள்ளேயே இருப்பதால், சர்வரில் காப்பி விட்டு வைத்திருக்கிறவர்களுக்கு வந்ததே மறுபடி வந்து ரெட்டை ரெட்டையாக நிற்கிற அவஸ்தையும் மிச்சம்.

'எனக்கென்ன, எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது' என்று மீசையை முறுக்குகிற ஐமேப் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அவுட்லுக்கில் ஆட்டோ ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு. 'பழசாகிவிட்டதே, ஓரமாக எடுத்து வைக்கட்டுமா?' என்று பவ்யமாகக் கேட்கும். அவசரத்தில் 'எஸ்' என்று தட்டியிருப்பீர்கள். அன்றிலிருந்து உங்கள் பழைய மெயில்கள் சர்வரைவிட்டுக் கிளம்பி, உங்கள் பெட்டியில் ஆர்க்கைவ் என்ற பி.எஸ்.டி.க்குள் சத்தமில்லாமல் குடியேறிக்கொண்டிருக்கும். அதேபோல் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று காலண்டர் பக்கத்திலோ விலாசங்கள் பக்கத்திலோ எழுதியிருந்தால், அது நிஜமாகவே இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெட்டியே மாறாமல், அதே பெட்டியில் 11-ஐ ஏற்றியவர்கள், விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டரில் பழையது இருக்கிறதே என்று சாவகாசமாக இருந்துவிட வேண்டாம். பத்து நாள் ஆனால் விண்டோஸே அதைக் குப்பையில் போட்டுவிடும்.

நிற்க. கேஷியர் சாரின் ஃபோல்டர்கள் எல்லாம் வந்துவிட்டன, நான் சேல்ஸைக் கவனிக்கப் போகலாம் என்று எழுந்தேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மவுஸைக் கீழே... கீழே... உருட்டிக்கொண்டே போய், 'அண்ணன்' என்ற ஃபோல்டரில் நிறுத்தினார். 312 கடிதங்கள். முதல் கடிதத்தைத் திறந்தார்.

கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்! பக்கம் முழுக்க. ஒரு வார்த்தை புரியவில்லை.

"கெட்டுப் போச்சா தம்பி?" என்றார். குரலே எழும்பவில்லை.

அண்ணன் மலேசியாவில் இருந்தவர். சின்ன வயசில் அப்பாவோடு ஈப்போவுக்குப் போனவர் அங்கேயே வாத்தியார் வேலை பார்த்துத் தங்கிவிட்டார். 2002-ல் கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் தட்டக் கற்றுக்கொண்டு, தம்பிக்கு வாரம் ஒரு கடிதம் போட ஆரம்பித்தார். தம்பி வீட்டில் அன்று கம்ப்யூட்டர் ஏது? முதலாளியிடம் அனுமதி வாங்கி ஆபீஸ் விலாசத்துக்கே வரவழைத்துக்கொண்டார். 2009-ல் அண்ணன் காலமாகிவிட்டார்.

"அவர் போனப்புறம் நான் இதைத் திறந்து பார்த்ததே இல்லே தம்பி. ஆனா இருக்குன்னு ஒரு தைரியம்."

எனக்கு மலேசியா என்றதும் பொறி தட்டியது. அங்கே முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில்தான் அந்தக் காலத்தில் உலகத் தமிழர்கள் பலரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் எல்லோரும் பயன்படுத்துகிற யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991-லேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அது நம் மேஜைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதுவரை என்ன செய்வது? கம்ப்யூட்டரில் எழுத்துக்கு இருந்தவை 256 நாற்காலிகள். முதல் 128-ல் ஆங்கிலம். மீதி 128-ல் ஐரோப்பியர்கள் கொம்பு, தொப்பி எழுத்துக்களை உட்கார வைத்திருந்தார்கள். நம்மவர்கள் அந்த நாற்காலிகளில் தமிழை ஏற்றிவிட்டார்கள். யார் எங்கே உட்காருவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. திஸ்கி என்று ஒன்று. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் என்று இன்னும் இரண்டு. எழுதியவரின் ஃபான்ட் உங்களிடம் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் நாற்காலியின் பழைய சொந்தக்காரர் எழுந்து நிற்பார்!

அதுதான் நடந்திருந்தது. பழைய பெட்டியில் அந்த ஃபான்ட் இருந்தது. புதுப் பெட்டிக்கு ஃபான்ட்டை யார் கொண்டுவந்தார்கள்? கடிதம் கெடவில்லை, கண்ணாடிதான் தொலைந்திருக்கிறது.

பழைய டிஸ்க்கில் தேடி அந்த ஃபான்ட்டைப் போட்டாலும் படித்துவிடலாம். ஆனால் அடுத்த பெட்டி மாறும்போது மறுபடி இதே கூத்து. அதைவிட யூனிகோடுக்கே மாற்றி வைப்பது நிரந்தரம். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்று ஓர் இலவசப் புரோகிராம். கொம்பு எழுத்துக்களைக் காப்பி செய்து அதில் ஒட்டி, திஸ்கி என்று தேர்ந்தெடுத்து, பட்டனைத் தட்டினேன்.

'அன்புள்ள தம்பிக்கு' என்று வந்து நின்றது.

நான் எழுந்து கேன்டீன் பக்கம் போய்விட்டேன். அடுத்தவர் கடிதம்.

அரை மணி கழித்து வந்தபோது கேஷியர் சார் நாலைந்து கடிதங்களைத் தானே மாற்றி, பிரிண்ட்டும் எடுத்து வைத்திருந்தார். "ஒரு சந்தேகம் தம்பி. அண்ணன் வாத்தியாரு. எழுத்துப் பிழையே விடமாட்டாரு. இதுல பாருங்க."

பார்த்தேன். 'ரண்டு நாளா ங்கே நல்ல மழை' என்று இருந்தது. பக்கம் முழுக்க 'இ' என்ற எழுத்தை மட்டும் காணோம்! அண்ணன் மேல் குற்றமில்லை. திஸ்கியில் 'இ' உட்கார்ந்த நாற்காலி எண் 173. ஐரோப்பியர்கள் கணக்கில் அது, வார்த்தை வரிக் கடைசியில் உடையும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒரு சிறு கோடு. மற்ற நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. தெரியாத கோடுதானே என்று, காப்பி செய்கிறபோது வழியிலேயே உதறிவிட்டிருக்கிறது. மூல ஃபைலையே கன்வர்ட்டருக்குக் கொடுத்தால் தப்பிக்கலாம், ஒரு நாள் உட்கார்ந்து செய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் கேஷியர் சார். வவுச்சரில் டிக் அடிக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'ரண்டு'வுக்கு முன்னால் ஓர் 'இ'. 'ங்கே'வுக்கு முன்னால் ஓர் 'இ'.

தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கடிதம் என்று கணக்கு வைத்திருக்கிறார். இதுவரை 64 முடிந்திருக்கிறது.